மாலை வட்டம் – 17: புது செட் ஏன் பேசவில்லை?

கறுவிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். நம் மருந்துக்கடைக்காரிக்கு அது நிறையவே உண்டு. ஆறு மாதமாகச் சொந்த அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை. அவர் கடை வாசலைக் கடந்து போனால், எதிரே நிற்பவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுக்கவே அவளுக்கு யுகமாகும். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தலை நிமிரும்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர்கள் ஒரு கூட்டம். பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள். சாயங்காலம் ஆனால் கடை மூடுகிறவர் மூடி, வண்டி நிறுத்துகிறவர் நிறுத்தி, எல்லோரும் ஒரே அலைவரிசையில் வந்து சேர்வார்கள். அதுதான் மாலை வட்டம். பேக்கரி, லாரி, பல் டாக்டர் என்று தொழிலைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள். யார் முதலில் பேசுவது, யார் அடுத்து என்று வரிசை பிரித்துக் கொடுக்க ஒரு கட்டுப்பாட்டு நிலையம் உண்டு. அந்த நாற்காலி வெகுகாலம் மருந்துக்கடைக்காரியுடையதாக இருந்தது. அவள் குரலுக்கு அந்த ஊரில் தனி மரியாதை.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு பேரிடர் ஒத்திகை நடந்தது. பாலம் இடிந்ததாகவும், போன்கள் எல்லாம் செத்ததாகவும் பாவனை. பெரிய பெரிய அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே அவள் செட் அடங்கிப்போனது. பழுதுபார்ப்பவர் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே டிரான்சிஸ்டர்கள் கருகிவிட்டன என்று கையை விரித்தார். அவள் விட்ட இடத்திலிருந்து பேசி ஒத்திகையைக் காப்பாற்றியவர் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். நாற்காலி அவர் வீட்டுக்குப் போயிற்று.

போனதோடு விட்டாரா? சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "செட்டைப் பராமரிக்கத் தெரியாதவங்க கையில பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் புது செட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாங்கி வந்தவர் அவள் கணவர். கிடங்கு மேற்பார்வையாளர். ஊரே அவரைச் சாது என்றுதான் கூப்பிடும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று, அவர் பெண் பார்க்க வந்த அன்றே அவள் அம்மா சொன்னதுண்டு. கடைக்காரரிடம் பேசி, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி எடுத்து வந்திருந்தார். நாளைக்கு அந்த வாரம் முடிகிறது.

"ஏரியல் கேபிளையும் மாத்திடேன்" என்றார் காலையில், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "செட் புதுசு, கேபிள் மட்டும் எதுக்குப் பழசு?"

"கேபிளுக்கு என்ன கேடு? நல்ல கேபிள் அது."

"இல்ல, சொன்னேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்றுதான் அவளுக்குக் கடை விடுமுறை, செட்டைத் தொட்டுப் பார்க்க நேரம். பால்கனியை ஒட்டிய சின்ன அறைதான் அவள் ரேடியோ அறை. மேசையைத் துடைத்துவிட்டு, செட்டைப் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒவ்வொன்றாகக் குறை தேட ஆரம்பித்தாள்.

அகலம் சரி. பழைய செட் தின்ற இடத்தில் பாதிகூட இல்லை. மின்விசிறிச் சத்தம் மெல்லிசு, பக்கத்து அறையில் ஒருவர் தூங்கலாம். பெரிய குமிழ் வழுக்காமல் திரும்புகிறது. கண்ணை மூடிக்கொண்டும் அலைவரிசை பிடிக்கலாம். தொடுதிரை கொஞ்சம் அலட்டல். சின்னச் சின்ன எழுத்துக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தாள்.

ஆனால் காது மந்தம். வழக்கமாக இரைகிற நிலையங்களெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசின. பேசும் பட்டனை அழுத்தியதும் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்து, செட் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. வெளியே அனுப்பியது அத்தனையும் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

"புதுசுலயே இந்த லட்சணமா?" என்றாள் செட்டைப் பார்த்து.

திட்டினாலும் அவள் கெட்டிக்காரி. ஏரியலைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகப் போலி ஏரியல் டப்பாவை மாட்டினாள். செட் அனுப்புவதை வானத்துக்கு விடாமல் தானே விழுங்கிக்கொள்ளும் டப்பா அது. பட்டனை அழுத்தினாள். எச்சரிக்கை இல்லை, முழுச் சக்தியும் போனது. செட்டின்மேல் குறையில்லை.

அப்படியானால் குறை கேபிளில்.

ஏரியல் நிற்கும் மொட்டை மாடிக்குப் போய்க் கேபிளின் மேல்முனையைக் கழற்றிவிட்டு வந்து, கீழ்முனையில் மீட்டர் வைத்தாள். நடுக்கம்பியும் மேலுறை வலையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. மீட்டர் கீச்சென்று கத்தியது. எங்கேயோ தொடுகிறது.

கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஜன்னல் சட்டம், பால்கனிச் சுவர், வாஷிங்மெஷினுக்குப் பின்னால் மூலை வளைவு. அந்த வளைவில் விரல் நுனியில் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு பொட்டு ரத்தம். கேபிளில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை வைத்து, மூக்குக்கண்ணாடி போட்டு, நகத்தால் சுரண்டினாள். கறுப்பு உறைக்குள் பொடிப்பொடியாக ஒரு மின்னல்.

குண்டூசி. கொண்டையை நறுக்கிவிட்டுக் குறுக்கே குத்தி இறக்கியிருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழைய செட் தானாகச் சாகவில்லை. அடைபட்ட குழாயில் தண்ணீரை முட்டித் தள்ளினால் மோட்டார் எரிவது போல, இந்த ஊசியை எதிர்த்து முட்டி முட்டித்தான் அது கருகியிருக்கிறது. ஆறு மாதம் அவள் செட்டைத் திட்டினாள், தன்னைத் திட்டிக்கொண்டாள். கேபிளை மட்டும் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. செட் கருகியது என்று கேட்டதுமே, கேபிளைச் சுவரோடு விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். ஆத்திரம் அவ்வளவு.

யார் குத்தியது என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. ஒத்திகை அன்று காலையில் கேபிளைச் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தது யார்? அண்ணன். நாற்காலி யாருக்குப் போயிற்று? அண்ணனுக்கு. அண்ணி தையல் டீச்சர், அந்த வீட்டில் குண்டூசிக்கா பஞ்சம்? காலையிலேயே பாதி குத்தி வைத்தால், கேபிள் காற்றில் ஆட ஆட ஒரு நேரத்தில் தொட்டுக்கொள்ளும். லிஃப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தத் தெரிந்தவருக்கு இதெல்லாம் பிரமாதமா?

 ஆத்திரத்தோடு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் ஓடியதை மறைப்பானேன்? இத்தனை நாள் வெறும் வார்த்தைக்காக வெறுத்தாள். இன்றைக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஊசியைப் பிடுங்கவில்லை. மேல்முனையை மறுபடி மாட்டினாள். வாஷிங்மெஷினைப் பழையபடி தள்ளி வைத்தாள். போலி ஏரியல் டப்பாவைத் துணி அலமாரியில் ஒளித்தாள். மீட்டரிலிருந்து பேட்டரியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் செட் மாற்றினாலும், உரிமம் உள்ள இன்னொருவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் வட்டத்தில் சேர்ப்பார்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். அவள் கூப்பிட்டது அண்ணனை.

"நான்தான் பேசறேன்."

 "சொல்லும்மா" என்றார்.

"புது செட் வாங்கியிருக்கு. வந்து பார்த்துச் சொல்லணும்."

"நானா?"

"ஏன், உனக்குத் தெரியாத செட்டா?"

"அதுக்கில்ல. சாயங்காலம் வட்டத்தை யாரு நடத்தறது? சரி, உங்க அண்ணிக்கும் உரிமம் இருக்கு, அவ பார்த்துப்பா. வேலையிலிருந்து நேரா வந்துடறேன்." கொஞ்சம் தயங்கினார். "நீ கூப்பிட்டன்னு சொன்னா அண்ணி சந்தோஷப்படுவா."

"செட் பார்க்கத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

திட்டம் எளிமையானது. குற்றமில்லாதவன் பழுதைத் தேடுவான். குத்தியவன் தேடமாட்டான், கால் தானாக அந்த மூலைக்குப் போகும், அல்லது அந்த மூலையை மட்டும் பார்க்காமல் தவிர்க்கும். எப்படியானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவர் மாட்டிக்கொண்டதும் செட்டைச் சரிசெய்து, வட்டம் கூடியிருக்கும்போதே, அவர் வாயாலேயே சொல்லவைப்பாள். பின்வரிசையில் சிரித்தவன் காதிலும் அது விழ வேண்டும்.

சாது அன்று சீக்கிரமே வந்துவிட்டார். தோளில் ஒரு சுருள் புதுக் கேபிள்.

"நான் கேக்கவே இல்லையே?"

"வழியில கடை இருந்தது. உங்க அண்ணன் வர்றாராமே? போன் பண்ணினார்." சுருளைக் கீழே வைக்காமலே நின்றார். "எதுக்கு அவரைக் கூப்பிட்ட? வேற யாரையாவது கூப்பிடக் கூடாதா? பேக்கரிக்காரர் நல்லவர்."

"எங்க அண்ணனும் நல்லவர்தானே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் சுருளைக் கீழே வைத்தார்.

அண்ணன் வந்தபோது கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. வாசலிலேயே நின்றார். ஆறு மாதத்தில் காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்து இரங்கிவிடக் கூடாது என்று அவள் பார்வையைச் சட்டைப் பொத்தானில் வைத்துக்கொண்டாள்.

"வா மச்சான்" என்றார் சாது.

"வர்றேன் மாப்பிள்ளை."

செட்டைப் பார்த்ததும் அண்ணன் மற்றதை மறந்தார். குமிழைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்து காற்று போக இடமிருக்கிறதா என்று பார்த்தார். மைக்கைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"நல்ல செட்டும்மா. வீட்டுக்கு இது போதும். நம்ம வீட்டுது கத்தற கத்துல பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேக்கறார். இது சத்தமே இல்ல."

"பேசிப் பாரு."

அழுத்தினார். சிவப்பு வந்தது. அழுத்துவதை உடனே நிறுத்தினார்.

"அய்யோ, இதோட பேசாத. எரிஞ்சுடும். மீட்டர் எங்க?"

"பேட்டரி போச்சு."

"போலி ஏரியல்?"

"யாருக்கோ குடுத்தேன், திரும்பி வரல."

அவர் சலித்துக்கொள்ளவில்லை. செட்டின் பின்னாலிருந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தார், ஊதினார், மாட்டினார். ஜன்னல் சட்டத்தில் கேபிள் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பால்கனிக்கு வந்தார். அவள் கண்கொத்திப் பாம்பாகப் பின்னாலேயே வந்தாள். வாஷிங்மெஷினைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டினார். அந்த மூலையைப் பார்க்கவுமில்லை, பார்க்காமல் தவிர்க்கவுமில்லை. அது அவருக்கு வெறும் மூலை.

"மேல ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருக்கும். அன்னைக்கு நான்தானே கட்டினேன். சரியா டேப் சுத்தலையோ என்னமோ." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படின்னா உன் பழைய செட் போனதுக்கும் நான்தான் காரணம். அதை வெச்சுக்கிட்டு, கூட்டத்துல எழுந்து நின்னு உன்னையே பேசினேன் பாரு. அதை நினைச்சாலே எனக்கு வெக்கமா இருக்கு. ஏறிப் பார்த்துட்டு வர்றேன்."

மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் ஏறிப் போயிற்று. அவள் கூடத்தில் நின்றாள். பொத்திப் பொத்தி வளர்த்த வெறுப்பு இப்படிக் காலை வாரும் என்று அவள் நினைக்கவில்லை. அண்ணன் நடிக்கத் தெரியாதவர். சின்ன வயதில் பொய் சொன்னாலே அவருக்கு விக்கல் வரும்.

பால்கனியில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். சாது வாஷிங்மெஷினை ஒருக்களித்துத் தள்ளிவிட்டு, மூலையில் குந்தியிருந்தார். கையில் கட்டிங் பிளையர். வளைவுக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. விரல்நீளத் துண்டு ஒன்று அவர் உள்ளங்கைக்கு வந்தது. தடவவில்லை, தேடவில்லை, டார்ச் அடிக்கவில்லை.

"என்ன பண்றீங்க?"

கை அப்படியே நின்றது. "இந்த இடம் நைஞ்ச மாதிரி இருந்தது. அதான் வெட்டிட்டு, புதுக் கேபிள்..."

"நையல. வெளியிலேருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. எனக்கே விரல்ல குத்தினப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முகத்தில் ஈயாடவில்லை. எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு நம்ம கல்யாண நாள்" என்றார் சாது. "நீ மறந்துட்ட. நான் புதுச் சட்டை வாங்கி வெச்சிருந்தேன். ஒத்திகை முடிஞ்சதும் வெளியில போலாம்னு நெனச்சேன். முடியவே இல்ல. இங்க நின்னு சட்டையில குத்தியிருந்த ஊசியை ஒண்ணொண்ணா எடுத்துட்டு இருந்தேன். உள்ள நீ, பாலம் இடிஞ்சுடுச்சு, ஆள் அனுப்புங்கன்னு யார் யாருக்கோ சொல்லிட்டு இருந்த. ஒரு ஊசியைக் குத்தினேன். உன் சத்தம் நின்னுடுச்சு."

"கொண்டையை நறுக்கினது?"

"எடுக்கத்தான் பார்த்தேன். வரல. யாராவது பார்த்துட்டா என்ன பண்றதுன்னு, நகவெட்டியால..."

"செட் எரியும்னு தெரியாது?"

"சத்தியமாத் தெரியாது."

அவள் அதை நம்பினாள். நம்பியதால் கோபம் குறையவில்லை. இன்னும் பெரிய கேள்வி ஒன்று வரிசையில் நின்றது.

"ஆறு மாசம். எங்க அண்ணனை நான் என்னென்ன பேசினேன்? நடுவுல அண்ணி ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போகூட நான் போகல. 'உனக்கு மனசு வரலைன்னா விட்டுடு'ன்னு சொன்னது யாரு? நீங்கதானே? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் துண்டுக் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேடியோ இல்லாததால சாயங்காலம் நீ எங்கூட உக்காந்த. அவரைத் திட்டின. நானும் ஆமாம்னேன். நாம ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தோம். எனக்கு அது பிடிச்சிருந்தது." துண்டைக் கையில் உருட்டினார். "கொஞ்ச நாளா நீ திட்டறதையும் நிறுத்திட்ட. பேச்சே இல்ல. அதான் செட் வாங்கிட்டு வந்தேன்."

படிக்கிற நீங்கள் ஐயோ பாவம் என்கிறீர்களா? நான் சொல்லமாட்டேன். அவளும் சொல்லவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே சாப்பாடு போட்டு வைத்திருந்த எதிரியை அவள் உற்றுப் பார்த்தாள். அண்ணன்மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் ஒரு பொட்டு சிந்தாமல் இடம் மாறி இவர்மேல் வந்து உட்கார்ந்தது.

அண்ணன் இறங்கி வந்தார். "மேல எல்லாம் காஞ்சு கிடக்கு, ஒரு பொட்டு தண்ணி இல்ல" என்றவர், வெட்டிய கேபிளைப் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார். அவள் அந்தத் துண்டைக் கணவர் கையிலிருந்து வாங்கி அண்ணன் கையில் வைத்தாள்.

"தடவிப் பாரு. யார் வேலைன்னு அவரையே கேளு."

கேட்கத் தேவைப்படவில்லை. சாது தலை குனிந்திருந்தார். அண்ணன் ஊசியின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"நான் குத்தினதா நெனச்சுத்தான் கூப்பிட்டியா?"

"ஆமாம்."

அண்ணன் துண்டை மேசைமேல் வைத்தார். சுருளைப் பிரித்து, புதுக் கேபிளை மாடிக்கு ஏற்றி, இரு முனையிலும் இணைப்பு வைத்து மாட்டிக்கொடுத்தார்.  செட் உயிர் பெற்றது. அறை முழுக்கக் குரல்கள் வந்து நிறைந்தன. பேக்கரி, லாரி, பல் டாக்டர். எல்லோரையும் வரிசைப்படுத்தியபடி அண்ணியின் குரல்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொன்னாள். 

"மருந்துக்கடை" என்றாள் அண்ணி, நிதானமாக. "வட்டத்துக்கு வரவேற்கிறோம். பரிசோதிச்சவர் சரின்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்ப வழக்கப்படி பழுது விவரம் சொல்லுங்க. எங்க இருந்தது, எப்படி வந்தது. கேக்கறவங்களுக்கு உதவும். ஓவர்."

இதுவும் வட்டத்தின் வழக்கம்தான். பழுதாகி மீண்டுவந்த நிலையம், பழுதின் காரணத்தை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் அதே குழியில் விழாமல் இருக்க.

அவள் பட்டனை அழுத்தினாள். "பழுது செட்டில் இல்லை. பழைய செட்டிலும் இருந்ததில்லை. கேபிளுக்குக் குறுக்கே ஒரு குண்டூசி குத்தப்பட்டிருந்தது. எப்படி வந்ததுன்னு, குத்தினவரே சொல்வார்."

பட்டனை விட்டாள். அண்ணன் பாய்ந்து வந்தார்.

"வேண்டாம்மா. வீட்டு விஷயம்."

"என் பேரு ஆறு மாசம் ஊருக்குள்ள நாறிச்சு. அப்ப அது வீட்டு விஷயமா இருந்துச்சா?"

"மாப்பிள்ளைக்கு உரிமம் கிடையாது."

"நான் பக்கத்துல இருந்து பட்டனைப் பிடிச்சா அவர் பேசலாம். சட்டம் எனக்கும் தெரியும்."

மைக்கைக் கணவர் வாய்க்கு நேரே நீட்டினாள். கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. சாது அவளைப் பார்த்தார். கெஞ்சினால் விட்டுவிடுவாளோ என்று ஒரு பார்வை. அவள் பட்டனை அழுத்தினாள்.

"நான்தாங்க" என்றார் சாது.  "அவங்க புருஷன். ஒத்திகை அன்னைக்கு ஊசியைக் குத்தினது நான்தான். அவங்க செட்டை நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. அவங்க அண்ணன் மேலயும் ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்தேன். அவங்க என்கூடப் பேசிட்டு இருக்கணும்னு இருந்தேன். அவ்வளவுதாங்க."

அவர் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தியே வைத்திருந்துவிட்டுத்தான் விட்டாள். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரனும் சிரிக்கவில்லை. சாது சுவரோரம் போய் நின்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எவ்வளவு காலமாயிற்று இப்படி உட்கார்ந்து? பழி தீர்ந்த சுகம் உச்சந்தலை வரை ஏறியது. பொய் சொல்லி என்ன, அது இனிக்கத்தான் செய்தது.

புது செட்டுக்கு முதல் நாள் மதிப்பெண் சொல்வது கட்டுப்பாட்டு நிலையத்தின் வேலை. தெளிவுக்கு ஐந்துவரை, பலத்துக்கு ஒன்பதுவரை. அண்ணி அதையும் விடவில்லை.

"மருந்துக்கடை, உங்க செட் ஐந்து, ஒன்பது. ஒரு வார்த்தை விடாம எல்லாருக்கும் கேட்டுச்சு. உன் பேரில இருந்த களங்கம் போச்சு. இந்த நாற்காலியும் உன்னுடையது, இன்னைக்கே எடுத்துக்க."

அவள் நன்றி சொல்ல மைக்கை எடுத்தாள். அண்ணி முடிக்கவில்லை.

"எடுத்துக்கறதுக்கு முன்னாடி இன்னொரு பழுது விவரம் பாக்கி இருக்கு. வயித்தைக் கிழிச்சுத் தைச்சுப்போட்டு நான் படுத்திருந்த வார்டுக்கும், உன் கடைக்கும் நடுவுல ஒரே ஒரு ரோடு. ஜன்னல் வழியா நீ ஷட்டரைத் தூக்கறது எனக்குத் தெரியும். தினமும் பார்த்தேன். என்மேல உனக்கு என்ன கோபம்? அந்த லைன்ல யாரும் ஊசி குத்தலையே. நீ ஏன் வரல? வழக்கப்படி சொல்லு, எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. ஓவர்."

இரைச்சல் திரும்பி வந்தது. அண்ணன் தங்கையைப் பார்த்தார். சுவரோரம் நின்றவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். உதவிக்கு வர அந்த அறையில் ஒருவரும் இல்லை.

அவள் பட்டனை அழுத்தினாள். திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை; முழுச் சக்தியும் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் வார்த்தை வரவில்லை.